யாரும் வாசிக்காத ஹார்ன் சொனாட்டாக்களுக்கு நான் கொடுத்த விலை

பிரெஞ்சு ஹார்ன் என்ற சுருள் பித்தளைக் குழலை வாசிக்கிறவர் தனியாக மேடையேற நினைத்தால் அவர் முன் வைக்கப்படும் பட்டியல் மிகச் சிறியது. ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் மொசார்ட்டின் நான்கு கான்செர்ட்டோக்கள், ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இரண்டு, பியானோவோடு வாசிக்கும் பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 17 சொனாட்டா, ஷூமனின் அடாஜியோ-அலெக்ரோ, மூன்று பேர் வாசிக்கும் பிராம்ஸின் ட்ரையோ, டுக்காவின் வில்லனெல். தேர்வு, போட்டி, வேலைக்கான ஆடிஷன் என்று எங்கே போனாலும் இந்த உருப்படிகள்தான். இவற்றைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் வருடக்கணக்காக இவற்றையே கேட்டும் வாசித்தும் அலுத்துவிட்டது. ஹார்னுக்கென்றே எழுதப்பட்டு, அச்சாகி, அலமாரிகளில் தூங்கும் சொனாட்டாக்களும் ட்ரையோக்களும் ஏராளம் என்று தெரிந்ததும், அவற்றை மட்டுமே வைத்து ஒரு மணி நேரக் கச்சேரி செய்துவிடுவது என்று கிளம்பினேன். செய்தும் முடித்தேன். அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. 1,400 யூரோ செலவானது. அந்தப் பணத்தில் 600 யூரோவுக்கு மேல், கடைசிவரை மேடையேறவே ஏறாத உருப்படிகளுக்குப் போனது. முன்பே யாராவது நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். இதே ஆசையோடு இன்னொருவர் கிளம்பினால் அவருக்காவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மியூனிக்கில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இந்த ஊருக்கு வந்த பிறகு, முப்பது வயதைத் தாண்டித்தான் ஹார்னைக் கையில் எடுத்தேன். மாலை நேர இசைப் பள்ளியில் கற்று, இப்போது ஓர் அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் ஹார்ன் வாசிக்கிறேன். ஆர்க்கெஸ்ட்ராவில் நான்கு ஹார்ன்கள் இருந்தால் முதலாவதும் மூன்றாவதும் மேல் ஸ்தாயிக்கு, இரண்டாவதும் நான்காவதும் கீழ் ஸ்தாயிக்கு என்பது பழைய பங்கீடு. அதாவது நான் கீழே பழகியவன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும். எங்கள் பகுதித் தேவாலயம் ஒன்றில் மதிய உணவு நேரத்தில் சிறு கச்சேரிகள் நடத்துவார்கள். அதில் ஒரு நாளைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். நாள் கிடைத்த பிறகுதான் உருப்படிகளைத் தேட ஆரம்பித்தேன். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும் என்று அப்போது சொல்ல ஆளில்லை. என் ஆசிரியர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போயிருந்தார்.

முதல் பட்டியல் மிக ஆடம்பரமாக இருந்தது. பீத்தோவனின் மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் எழுதிய ஓபஸ் 34 சொனாட்டா, இந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்த யோசஃப் ரைன்பெர்கரின் ஓபஸ் 178, பெல்ஜியத்தின் ஜேன் வினியெரி 1942-இல் எழுதிய சொனாட்டா, எத்தல் ஸ்மைத் வயலினுக்கும் ஹார்னுக்கும் சேர்த்து எழுதிய கான்செர்ட்டோவின் ட்ரையோ வடிவம். நான்கையும் பதிவுகளில் கேட்டுப் பாருங்கள். இவற்றை ஏன் யாரும் வாசிப்பதில்லை என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் வேலையில் இறங்கினேன். இப்போது எனக்குத் தெரிவது இதுதான்: ஓர் உருப்படி மேடையிலிருந்து விலகிப்போயிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை இசையில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. பியானோக்காரரின் பக்கங்களில், அச்சுத் தாளில், வாசிப்பவரின் உதட்டில், காப்புரிமைச் சட்டத்தில் அது ஒளிந்திருக்கும். முதலில் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அதோடு மல்லுக்கட்ட முடியுமா முடியாதா என்று வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்யலாம்.

ரீஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் அலைக்கழித்தவர் அவர்தான். பான் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை சிறுவன் பீத்தோவனுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். மகன் வியன்னா போய் பீத்தோவனிடம் பியானோ கற்றார். பீத்தோவன் தன் ஹார்ன் சொனாட்டாவைக் கச்சேரிக்கு முந்திய நாள்தான் எழுதத் தொடங்கினார் என்ற புகழ்பெற்ற செய்தியைப் பதிவு செய்து வைத்தவரும் இவரே. அந்தக் கச்சேரி 1800 ஏப்ரலில் நடந்தது. வாசித்தவர் பூன்டோ என்று இத்தாலியப் பெயர் சூட்டிக்கொண்ட பொஹீமிய ஹார்ன் வித்வான். அதன் பிறகு பத்துப் பதினோரு ஆண்டுகள் கழித்து ரீஸ் தன் சொனாட்டாவை எழுதினார். அந்தக் காலத்தில் பதிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஹார்ன் வாசிப்பவர்கள் குறைவு என்பதால், அதே சொனாட்டாவை ‘ஹார்ன் அல்லது செல்லோ’ என்று அச்சிட்டு விற்றார்கள். பீத்தோவனுடையதும் அப்படித்தான் வந்தது. நான் இணையத்தில் ஒரு பழைய இசைத்தாள் வியாபாரியிடம் ரீஸை வாங்கினேன், 34 யூரோ. உறையைப் பிரித்தால் பியானோத் தாளும் செல்லோத் தாளும் இருக்கின்றன, ஹார்ன் தாள் இல்லை. விளம்பரத்தில் அட்டையின் படம் மட்டும்தான் இருந்தது. அட்டையில் ஹார்ன் என்று தெளிவாகவே போட்டிருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். பழைய தாள் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தாளின் முதல் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

சரி, காப்புரிமை காலாவதியான உருப்படிதானே என்று இலவசமாகக் கிடைக்கும் பழைய அச்சின் நகலை இறக்கிக்கொண்டேன். அங்கே வேறு இரண்டு சிக்கல்கள். முதலாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அச்சுகளில் பியானோக்காரரின் தாளில் பெரும்பாலும் ஹார்னின் வரி இருக்காது. நான் எங்கே நிறுத்துகிறேன், எங்கே நுழைகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. காதை மட்டுமே நம்ப வேண்டும். முழுப் பகுதிக்கும் என் வரியை நானே எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, சுருதி விவகாரம். விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வு என்பது 1810-களில் வந்த கண்டுபிடிப்பு. அதற்கு முன் ஹார்ன் என்பது வெறும் சுருட்டிய குழாய்தான். சுருதி மாற வேண்டுமென்றால் வேறு நீளமுள்ள குழாயைச் செருகிக்கொள்வார்கள். பாடகர் தன் குரலுக்குத் தக்கபடி ஷட்ஜத்தை நகர்த்திக்கொள்வதைப் போல, தாளில் எப்போதும் ‘ஸி’ என்றுதான் எழுதியிருக்கும். செருகிய குழாயைப் பொறுத்து ஒலிப்பது மாறும். இன்றைய ஹார்ன்காரர் ‘எஃப்’ சுருதிக்குப் பழகியவர். பழைய தாளில் ‘எஸ்’ என்றோ ‘பி’ என்றோ போட்டிருந்தால் ஒவ்வொரு சுரத்தையும் மனத்துக்குள் இடம் மாற்றியபடியே வாசிக்க வேண்டும். இதில் ஜெர்மன் தாள்களில் ‘பி’ என்றால் பி ஃப்ளாட், ‘எஸ்’ என்றால் இ ஃப்ளாட். ஆங்கிலப் பெயர்களில் பயின்றவர்கள் இங்கே கால் இடறுவது சர்வசாதாரணம்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் திணறடித்தது பாஸ் க்ளெஃப், அதாவது கீழ்ச் சுரங்களை எழுதும்போது வரியின் தொடக்கத்தில் போடும் குறி. பழைய வழக்கப்படி, கீழ்ச் சுரங்களுக்காக பாஸ் க்ளெஃப்புக்கு மாறும்போது ஒரு ஸ்தாயி கீழே எழுதிவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த வழக்கத்தைக் கைவிட்டுப் புதுமுறையில் எழுத ஆரம்பித்தார்கள், ஆனால் எல்லோரும் ஒரே நாளில் மாறவில்லை. ஒரு தாளைப் பார்த்து இது பழைய முறையா புது முறையா என்று முகப்பில் எங்கும் எழுதியிருக்காது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: க்ளெஃப் மாறும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சுரங்களைப் பாருங்கள். மெட்டு இயல்பாக இறங்குவதற்குப் பதிலாக நியாயமே இல்லாமல் ஒரு ஸ்தாயி பாதாளத்தில் விழுந்தால் அது பழைய முறை. கீழ் ஸ்தாயி வாசிக்கிறவன் என்ற கர்வத்தில் நான் அந்தப் பாதாளச் சுரங்களை வாரக்கணக்கில் சாதகம் செய்தேன். பியானோவோடு சேர்ந்த அன்றுதான் அவை எதுவுமே தேவையில்லை என்று தெரிந்தது.

அடுத்தது பியானோ. இங்கேதான் பணம் தண்ணீராய்ப் போனது. ரீஸின் சொனாட்டாவை நாம் ஹார்ன் சொனாட்டா என்கிறோம். எழுதியவரோ ஐரோப்பா முழுக்கச் சுற்றிய பியானோ வித்வான். ஹார்ன் வரி நிம்மதியாகப் பாடிக்கொண்டிருக்கும்போது பியானோவில் இரண்டு கைகளும் ஓட்டமாய் ஓடுகின்றன. நான் அமர்த்திய பியானோக்காரர் இசைக் கல்லூரி மாணவர், மணிக்கு 45 யூரோ. இந்த ஊரில் அது நியாயமான கூலிதான். அவர் தாளைப் படித்துப் பழகும் நேரத்துக்கும் சேர்த்து நான் கொடுத்தேன், அறை வாடகை வேறு. முதல் பகுதி மட்டும் ஓரளவு உருவானது. அதற்குள் தேர்வு வருகிறது என்று சொல்லி விலகிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு மதியக் கச்சேரிக்காக அத்தனை பக்கங்களை யார் விரல்களில் ஏற்றுவார்கள்? அதே உழைப்பில் பிராம்ஸைப் பழகினால் வாழ்நாள் முழுக்க அவரை வாசிக்கக் கூப்பிட ஆள் இருக்கும். மறந்துபோன உருப்படிகளின் பெரிய சாபம் இதுதான்: ஹார்ன்காரருக்கு அது கண்டுபிடிப்பு, பியானோக்காரருக்கு அது மறு உபயோகம் இல்லாத சுமை. ஆகவே உருப்படியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பியானோ தாளை, ஹார்ன் தாளை அல்ல, யார் வாசிக்கப்போகிறாரோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘இதை எவ்வளவு நாளில் பிடிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரமே பாதிப் பதில்.

இரண்டாவதாகக் கிடைத்தவர் ஒரு மூத்த பெண்மணி. பல ஆண்டுகள் பாடகர்களுக்குப் பியானோ வாசித்தவர். ரீஸைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடினார். ரைன்பெர்கரைப் பார்த்ததும் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவர் இல்லையென்றால் என் கச்சேரியே இல்லை. ரைன்பெர்கர் லீக்டன்ஸ்டைனின் வாடூட்ஸில் 1839-இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் மியூனிக்குக்குப் படிக்க வந்து, 1901-இல் இறக்கும் வரை இங்கேயே ஆசிரியராக இருந்தவர். ஆர்கன் வாசிப்பவர்கள் அவருடைய இருபது ஆர்கன் சொனாட்டாக்களைக் கொண்டாடுவார்கள். மற்றவர்கள் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். 1894-இல் எழுதிய இந்த ஹார்ன் சொனாட்டாவில் அந்த ஆர்கன் மனம் நன்றாகத் தெரிகிறது. பியானோவில் சுரங்கள் அடுக்கடுக்காகக் கனமாக நிற்க, அவற்றின் மேல் ஹார்ன் நீளநீளமான வரிகளைப் பாடுகிறது. நடுப்பகுதி மெதுவானது, அதில் ஒரு வரியை எங்கே மூச்சு விட்டு முறிப்பது என்று நாங்கள் இருவரும் சண்டை போட்டிருக்கிறோம். தாளில் பென்சிலால் நான் போட்ட மூச்சுக்குறிகளை அவர் அழிப்பார், நான் மறுபடி போடுவேன். பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்று அவர் கை தன்னாலேயே காத்திருக்கும். அந்த இடத்தில்தான் நானும் கடைசியில் மூச்சு வாங்கினேன். இப்படி ஓர் உருப்படி ஏன் பீத்தோவனின் ஓபஸ் 17-க்குப் பக்கத்தில் நிற்கவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆனால் ரைன்பெர்கரின் நீண்ட வரிகள் உதட்டைக் கேட்கின்றன. ஹார்னின் மவுத்பீஸ் சிறிய வளையம். மூன்றில் இரண்டு பங்கு மேலுதட்டிலும் ஒரு பங்கு கீழுதட்டிலும் அமரும். சத்தம் பிறப்பதே அந்த வளையத்துக்குள் அதிரும் சதையில்தான். வளையம் அழுத்த அழுத்த ரத்த ஓட்டம் குறையும், சதை மரத்துப்போகும், மேல் சுரங்கள் உடையும். உடைந்ததும் இன்னும் அழுத்துவோம். அலுவலகம் முடிந்து வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து ஹார்ன் வாயில் ஒலியை அடக்கும் மியூட்டைச் செருகி, ரீஸையும் ரைன்பெர்கரையும் அடுத்தடுத்துச் சாதகம் செய்ததில் ஒரு வாரக்கடைசியில் மேலுதடு உள்பக்கம் வீங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வளையத்தின் வடு பிறை வடிவில் சிவந்து நிற்கிறது; காப்பி குடித்தால் எரிகிறது. மருத்துவர் ஒரே வரியில் முடித்தார்: ஊதாதீர்கள். வாரக்கணக்கில் ஹார்ன் பெட்டிக்குள் கிடந்தது. அந்த நாட்களின் எரிச்சலை என்னவென்று சொல்ல? இசையைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. எனக்கு வெறும் மானப் பிரச்சினை, இருந்தும் தூக்கம் வரவில்லை.

அந்த ஓய்வில் ஒரு நல்ல காரியம் செய்தேன். ஒவ்வொரு உருப்படியின் பதிவையும் ஓடவிட்டு, ஹார்ன் ஊதாமல் இருக்கும் இடங்களை மட்டும் கடிகாரம் வைத்துக் கூட்டினேன். ஒரு கான்செர்ட்டோவில் ஆர்க்கெஸ்ட்ரா நீளமாக வாசிக்கும்போது உதடு இளைப்பாறும். சொனாட்டாவில் அந்தச் சலுகை மிகக் குறைவு. ஷூமனின் அடாஜியோ-அலெக்ரோவை எல்லோரும் பயந்து பேசுவதற்குக் காரணமே அதில் உதட்டை எடுக்க இடமில்லை என்பதுதான். நீங்கள் புதிய உருப்படி தேடும்போது மிக உயர்ந்த சுரம் எது என்று மட்டும் பார்க்காதீர்கள். அதை எல்லாப் பட்டியலிலும் போட்டிருப்பார்கள். ஓய்வு எவ்வளவு என்பதை யாரும் போடுவதில்லை. இந்தக் கணக்கைப் பார்த்த அன்றே ரீஸையும் ரைன்பெர்கரையும் ஒரே மேடையில் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

எத்தல் ஸ்மைத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி 1912-இல் லண்டனின் ஹாலோவே சிறைக்குப் போனவர். இந்தக் கான்செர்ட்டோ 1927-இல் லண்டன் குவீன்ஸ் ஹாலில் அரங்கேறியது. வயலின் யெல்லி டாரான்யி, ஹார்ன் ஆப்ரி பிரெய்ன், நடத்தியவர் ஹென்றி உட். வயலின், ஹார்ன், பியானோ என்று பிராம்ஸின் ட்ரையோவுக்காகக் கூடும் அதே மூன்று பேர் இதையும் வாசிக்கலாம். பிராம்ஸுக்குத் துணை தேடித் திண்டாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. தனி ஆவர்த்தனம் போல் வரும் கடென்ஸாவில் ஹார்ன்காரர் ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே இன்னொரு சுரத்தைத் தொண்டையால் பாட வேண்டும். இரண்டும் உரசி மூன்றாவது ஒன்றும் கேட்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் வேபர் தன் கான்செர்ட்டினோவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வித்தையைச் செய்துவிட்டார். நான் குளியலறையில் முயன்றேன். ஊதும் சுரம் நின்றது, என் குரல் அதன் மேல் கிரீச்சிட்டுக்கொண்டு அலைந்தது. பழகப் பழக ஏதோ ஓர் ஒலிக்கொத்து கூடி வந்தது. அதே வாரத்தில் வயலின்காரருக்குச் சம்பளம் தரும் வேறு கச்சேரி வந்துவிட்டது. அதற்காக எடுத்த ஒத்திகை அறையின் வாடகை, அவருக்குக் கொடுத்த முன்பணம், தாள்களின் விலை எல்லாம் சேர்ந்து 200 யூரோவுக்குப் பக்கம். மூன்று பேர் தேவைப்படும் உருப்படிக்கு நான்காவதாக ஒரு ஆளின் தொலைபேசி எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினியெரியின் கதை வேறு. ஜெர்மானியர் பிடியில் பெல்ஜியம் இருந்தபோது எழுதிய சொனாட்டா அது. கெண்ட் நகரத்துக்காரர், பாரிஸிலும் பயின்றவர். 1974-இல் ஒரு ரயில் விபத்தில் இறந்துபோனார். இசையில் பிரெஞ்சு மென்மையும் குறும்பும் கலந்திருக்கும். ஐரோப்பியச் சட்டப்படி படைப்பாளி இறந்த பிறகு எழுபது ஆண்டுகள் காப்புரிமை உண்டு. ஆகவே இது 2044 முடியும் வரை இலவசமாகக் கிடைக்காது, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கினேன். பக்கம் திருப்பும் இடம் வசதியாக இல்லையே என்று இரண்டு பக்கங்களை நகலெடுக்கப் போனபோதுதான், ஜெர்மனியில் காப்புரிமை உள்ள இசைத்தாளை நகல் இயந்திரத்தில் வைக்கவே உரிமையாளரின் அனுமதி வேண்டும், கையால் எழுதிக்கொள்ள மட்டுமே விலக்கு உண்டு என்று தெரிந்தது. புத்தகத்துக்கு இருக்கும் தாராளம் இசைத்தாளுக்கு இல்லை. மேடையில் வாசித்தால் நிகழ்ச்சி நடத்துகிறவர் இசைக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் கெமா அமைப்பிடம் முன்பே பதிவு செய்ய வேண்டும். இதைத் தேவாலய அலுவலகத்தில் சொன்னதும், ‘மொசார்ட் ஏதாவது வாசிக்கக் கூடாதா?’ என்றார்கள். சிரிப்பதா அழுவதா? இசையை எழுதியவர் இறந்த வருடத்தை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். எத்தல் ஸ்மைத் 1944-இல் இறந்தவர், தாராளமாக வாசிக்கலாம். வியோலா, பியானோ, ஹார்ன் மூன்றும் வாசித்த யார்க் போவன் ஓர் அருமையான ஹார்ன் சொனாட்டா எழுதியிருக்கிறார்; அவர் இறந்தது 1961, எனவே 2031 முடியும் வரை காத்திருக்க வேண்டும் அல்லது பணத்தை எடுத்து வைக்க வேண்டும்.

இப்படி எல்லாம் உதிர்ந்து கடைசியில் மேடையேறிய பட்டியல் அடக்கமானது. முதலில் ஃபிரான்ஸ் டான்சியின் ஓபஸ் 28 சொனாட்டா. இவரை ஐந்து ஊது வாத்தியங்களுக்கான குவின்டெட்டுகளால் மட்டுமே உலகம் நினைவு வைத்திருக்கிறது. பியானோவுக்கு இதிலும் வேலை உண்டு, ரீஸ் அளவுக்குக் கொடுமையில்லை. அடுத்து டென்மார்க்கின் கார்ல் நீல்சன் 1913-இல் எழுதிய ‘கான்டோ செரியோஸோ’. கோபன்ஹேகன் அரச ஆர்க்கெஸ்ட்ராவில் கீழ் ஹார்ன் பணியிடத்துக்கான ஆடிஷனுக்கென்றே எழுதப்பட்டது, சில நிமிடங்கள்தான். என்னைப் போல் கீழே பழகியவர்களுக்கு வரப்பிரசாதம். மேல் ஸ்தாயியில் கத்தினால்தான் ஹார்ன் என்று நினைக்கும் பட்டியல்களில் இதற்கு இடமே கிடைப்பதில்லை. அதன் பிறகு பியானோக்காரர் தனியாக ஒரு ஷூமன் வாசித்தார். அது இசைக்காக என்று நிகழ்ச்சித் தாளில் எழுதியிருந்தது. என் உதட்டுக்காக என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். பிறகு ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸின் நாக்டர்னோ. ரிச்சர்டின் தந்தை, இதே ஊரின் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் ஹார்ன், வாக்னரை மனதார வெறுத்தபடியே வாக்னரின் ஆப்பராக்களை அரங்கேற்றத்தில் அற்புதமாக வாசித்தவர். மகனின் புகழில் அவர் எழுதிய இசை மறைந்துபோயிற்று. ஹார்னை அறிந்த கை எழுதியது என்பது முதல் வரியிலேயே விரலுக்கும் உதட்டுக்கும் தெரிந்துவிடுகிறது. கடைசியில் ரைன்பெர்கர்.

கச்சேரி நடந்தது மார்ச் தொடக்கத்தில். கல் தேவாலயம், உள்ளே குளிர். குளிரில் ஹார்னின் சுருதி இறங்கும். பியானோவோ இருந்த இடத்திலேயே நிற்கும். முந்திய வாரம் சூடான ஒத்திகை அறையில் சரிபார்த்த சுருதி அங்கே உதவவில்லை. சுருதியைக் கூட்டக் குறைக்க உதவும் ட்யூனிங் ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளியும் மயிரிழை தாழ்வாகவே ஆரம்பித்தேன். குளிர்காலத் தேவாலயத்தில் வாசிக்கப் போகிறவர்கள் ஊதாத நேரத்திலும் ஹார்னுக்குள் வெதுவெதுப்பான மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். நிற்கும் இடத்தையும் பாருங்கள். ஹார்னின் வாய் பின்னோக்கி இருப்பதால், கேட்பவர்களுக்குப் போய்ச் சேருவது பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலி. எனக்கு முதலில் காட்டிய இடத்தில் பின்னால் தடித்த வெல்வெட் திரை தொங்கியது. அங்கே நின்றிருந்தால் பஞ்சுமூட்டைக்குள் ஊதிய மாதிரிதான். நல்ல வேளையாக ஒரு தூணுக்கு முன்னால் நகர அனுமதித்தார்கள். நாக்டர்னோவின் மெல்லிய நுழைவில் குழாய்க்குள் தேங்கிய நீர் களகளவென்று கொப்பளித்தது. வாத்தியத்தைத் திருப்பி, மூன்றாம் வால்வின் ஸ்லைடை உருவி உதற எனக்கு மூன்று மாத்திரை ஓய்வுகூடக் கிடைக்கவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. அந்த இடத்துக்கு முன் உள்ள ஓய்வில் நீரை வெளியேற்ற வேண்டும் என்று இப்போது தாளில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

வந்தவர்கள் அதிகமில்லை, வந்தவர்களில் ரைன்பெர்கரின் பெயரைத் தாளில் பார்த்து வந்த ஆர்கன்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர் ஹார்னுக்கும் எழுதியிருக்கிறார் என்பது அவர்களுக்கே புதிய செய்தி. நுழைவுக் கட்டணம் கிடையாது; கூடையில் விழுந்த காசு பியானோக்காரரின் அன்றைய கூலிக்கும் போதவில்லை. மீதியை நான் போட்டேன்.

ரீஸை மட்டும் என்னால் விட முடியவில்லை. இப்போது ஒரு வழி தெரிகிறது. ரீஸ் காலத்துப் பியானோ இன்றையதைவிட ஒலியில் மெலிந்தது. அதில் வாசித்தால் அந்த ஓட்டங்கள் ஹார்னை மூழ்கடிக்காது, விரல்களுக்கும் பாரம் குறைவு. அப்படிப்பட்ட ஃபோர்டேபியானோவின் நகல் ஒன்றை வைத்திருப்பவர் ஊருக்கு வெளியே இருக்கிறார். என் பியானோக்காரர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, ரீஸைக் கொண்டா என்கிறார். ஆனால் அந்த வாத்தியம் ‘ஏ’ சுரத்துக்கு 430 ஹெர்ட்ஸ் என்று சுருதி கூட்டப்பட்டிருக்கிறது. என் ஹார்ன் 442-க்குச் செய்யப்பட்டது. எல்லா ஸ்லைடுகளையும் வெளியே இழுத்தாலும் அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் வால்வுச் சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. 440-க்கு ஏற்றினால் தந்தி அறும் என்கிறார் உரிமையாளர். 430-க்குப் பொருந்தும் இயற்கை ஹார்ன் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். அதில் வால்வே இல்லை, ஹார்னின் வாய்க்குள் வலது கையை வைத்து மூடித் திறந்து சுரம் பிடிக்க முதலிலிருந்து கற்க வேண்டும். மாத வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.